‘நெல்லிக்குப்பத்து வீடு’ குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஞாயிற்றுக்கிழமை

செல்வா: எல்லாருக்கும் ஒரு விஷயம். நேற்று சாயங்காலம் ஷெட்டுக்கு அதிகாரிகள் வந்தார்கள். கட்டி வைத்திருந்த பேப்பர் கப் மூட்டை அத்தனையும் எடுத்துப் போய்விட்டார்கள். அபராதம் தனி. இனி மெஷின் ஓடக் கூடாதாம்.

புவனா: ஐயோ

ரமணி அத்தை: பேப்பர்தானே அது. பேப்பருக்கு என்ன தடை?

பெரியப்பா: அந்த மெஷினே வேண்டாம் என்று அப்போதே சொன்னேன்.

புவனா: பெரியப்பா, இப்போது அது வேண்டாமே

குமார் மாமா: ரமணிக்கும் சேர்த்து எழுதுகிறேன். கப்புக்கு உள்ளே மெல்லிசாகப் பிளாஸ்டிக் பூசியிருக்கும். அதனால்தான் டீ ஊறாமல் நிற்கிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த 14 பொருள்களில் அதுவும் ஒன்று. தமிழ்நாடு, புதுச்சேரி கப் தயாரிப்பாளர்கள் சங்கம் உச்ச நீதிமன்றம் வரை போனது. தடை செல்லும் என்று 2023 அக்டோபரில் தீர்ப்பு வந்துவிட்டது. அதனால் இதோடு மல்லுக்கட்டாதே செல்வா. அடுத்தது பார்.

செல்வா: அடுத்தது என்ன மாமா. கடன் பாதிகூட அடையவில்லை

சித்ரா: வேலைக்கு வருகிற பெண்களில் மூன்று பேருக்குத் தையல் தெரியும். எனக்கும் தெரியும். மஞ்சப்பை தைக்கலாமே?

புவனா: சூப்பர் அண்ணி 👏

பெரியப்பா: பை தைத்து எவ்வளவு வரும்

குமார் மாமா: நல்ல யோசனை. மாவட்டத் தொழில் மையத்தில் பி.எம்.இ.ஜி.பி. கேளுங்கள், மத்திய அரசு மானியத்தோடு வரும் தொழில் கடன் அது. முதல் கடன் புதுத் தொழிலுக்குத்தான் கொடுப்பார்கள். சித்ரா பெயரில் போடுங்கள். பெண்களுக்கு நகரத்தில் 25 சதவீதம் மானியம், கிராமத்தில் 35. கைக்காசு 5 சதவீதம். நம் வீடு நகராட்சி, ஆனால் ஷெட் காராமணிக்குப்பம், கிராமக் கணக்கு. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் உண்டு. செல்வா, நீ முன்பு வாங்கியது என்ன கடன்?

செல்வா: முத்ரா மாமா. மானியம் எதுவும் வாங்கவில்லை

குமார் மாமா: அப்படியானால் தடையில்லை. இன்னொன்று, முக்கியம். மானியம் கைக்கு வராது. 3 வருடம் வங்கியிலேயே வைப்பாக இருக்கும். அந்த அளவு கடனுக்கு வட்டி கிடையாது. தொழில் நடக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கடனில் கழிப்பார்கள். அதை நம்பி யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

பெரியப்பா: அப்போ ரமணி வளையலை மீட்க முடியாதா?

ரமணி அத்தை: அண்ணா, நான் கேட்டேனா? அதை ஏன் இங்கே இழுக்கிறாய்

புவனா: சிறுதொழிலுக்கான உத்யம் பதிவுக்கு ஒருவர் 2000 ரூபாய் கேட்கிறார், கொடுக்கலாமா?

குமார் மாமா: ஒரு பைசா கொடுக்காதே. இலவசம். ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் நாமே போட்டுவிடலாம். புதுத் தொழிலுக்குச் சித்ரா பெயரில் தனியாகப் போடு.

சித்ரா: நாளைக்கே போகிறோம் மாமா

ரமணி அத்தை: நாளைக்குத் திங்கள், காராமணிக்குப்பம் சந்தை. அப்படியே நெத்திலி கருவாடு வாங்கி வை சித்ரா. மண் இல்லாமல் பார்த்து வாங்கு

பெரியப்பா: எனக்குச் சுறா

புவனா: பாண்டியில் இருக்கிற எனக்கும் ஒரு பங்கு!!

குமார் மாமா: கருவாடு இருக்கட்டும். ஷெட் இடத்துப் பட்டா யார் பெயரில் இருக்கிறது?

செல்வா: இன்னும் தாத்தா பெயரில்தான்

குமார் மாமா: வங்கியில் அதைத்தான் முதலில் கேட்பார்கள். வாரிசுகள் எல்லாரும் கையெழுத்துப் போட்டு வாடகை ஒப்பந்தம் கொடுத்தால் நல்லது. ரமணி போடுவாள்.

செல்வா: பெரியப்பா?

சித்ரா: பெரிய மாமா, வேலைக்கு வருகிற பெண்கள் காலையிலிருந்து போன் மேல் போன். கொஞ்சம் மனசு வையுங்கள்

பெரியப்பா: போனில் பேசுகிற விஷயமா இது. நாளைக்கு வீட்டுக்கு வாருங்கள், பார்ப்போம்.

செல்வா: காலையிலா மாலையிலா பெரியப்பா?

ரமணி அத்தை: சந்தை முடிந்து போ. காலையில் அண்ணன் கோவிலுக்குப் போய்விடுவார்