பொருள்: வரவேற்பு வளைவா, இறைப்பு மிசினா?

அன்பான ஊர் உறவுகளுக்கு,

ஊர் வாசலில் வரவேற்பு வளைவு கட்டக் காசு சேர்க்கிற மடல்கள் மூன்று கிழமையாக ஓடுகின்றன. லண்டன் அண்ணைமார் சிற்பாசாரி வரைக்கும் கதைத்து வைத்துவிட்டார்கள். நான் குறுக்கே விழுகிறேன், குறை நினைக்க வேண்டாம்.

போன மாசம் யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரில் நின்றபோது, விடிய ஐந்தரைக்குத் தம்பியோடு வெங்காயத்துக்குக் கிணற்றுத் தண்ணி இறைக்கப் போனேன். அதே பழைய இரண்டு இஞ்சி மண்ணெண்ணெய் மிசின். சொட்டுப் பெற்றோல் விட்டு, கயிற்றைச் சுற்றி நாலு தரம் இழுத்து, சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினான். பிறகு இரண்டு பேரும் மண்வெட்டியோடு பாத்தி பாத்தியாகத் தண்ணி மாறினோம். என் நாரி, இடுப்புத்தான், இரண்டு நாள் நொந்தது. மணிக்கு ஒரு லீற்றர் அளவில் குடிக்குமாம் மிசின். 2022 ஆகஸ்டில் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ஆனதே, அந்த முறை பக்கத்துத் தோட்டத் தறைக்காரர் வெங்காயமே நடவில்லை.

எண்ணெய் இல்லாமல் சீவிக்க எங்கள் சனத்துக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை. சண்டைக் காலத்தில், 1990இல் அரசாங்கம் எண்ணெய்க்குத் தடை போட்ட பிறகு, ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்த சிக்கன விளக்கில் படித்தோம். சைக்கிளைக் கவிட்டு வைத்து, டைனமோவைச் சுற்றி றேடியோவில் பிபிசி தமிழோசை கேட்டோம். ஆனால் அது எங்கள் தலையில் விழுந்த தடை, விரும்பி எடுத்த விரதம் இல்லை. அதனால்தான் "எண்ணெயைக் குறைப்பம், பூமி சூடாகுது" என்று ஊரில் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள். "இறைப்புச் செலவைக் குறைப்பம்" என்றால் காது கொடுப்பார்கள்.

என் யோசனை இதுதான்: வளைவுக் காசில் முதலில், பல தோட்டக்காரருக்குப் பொதுவான இரண்டு பங்குக் கிணறுகளுக்குச் சூரிய மின்தகடும் மோட்டரும். பங்குக் கிணற்றில் முறை வைத்து இறைக்கிற பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது, புதுச் சட்டம் போடத் தேவையில்லை. தகடு வெய்யில் ஏறினால்தான் வேலை செய்யும், விடியப்புற இறைப்பு நடக்காது. அதற்கு ஒரு தொட்டி கட்டவேணும். செலவில் அதையும் சேர்த்துப் பாருங்கோ.

இதில் எனக்கே ஒரு பயம் இருக்கிறது. மண்ணெண்ணெய் விலை இதுவரை ஒரு கடிவாளமாக இருந்தது, காசு எரியுதே என்று மிசினை நிப்பாட்டுவார்கள். வெய்யிலுக்கு ஆரும் காசு கேட்கப் போவதில்லை. எங்கள் சுண்ணாம்புக்கல்லுக்குள் நல்ல தண்ணி உப்புத் தண்ணிக்கு மேலேதான் மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இழுத்தால் கீழே கிடக்கிற உவர் மேலே வரும், பிறகு மழையை நம்பி வருசக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே முறை நேரம் மாறக்கூடாது, சொட்டுநீர்க் குழாயும் சேர்த்துப் போடவேணும். இந்த இரண்டுக்கும் பங்குகாரர் ஒப்புக்கொள்ளாவிட்டால் நான் காசு தரமாட்டேன். சுன்னாகத்தில் மின்நிலையத்துக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்ததைப் பார்த்த பிறகும் தண்ணியில் விளையாடலாமோ?

"அரசாங்கம் செய்யட்டும்" என்று பாரிஸிலிருந்து ஒரு மடல் வந்தது. நெடுந்தீவு, அனலைதீவு, நயினாதீவுக்குச் சூரியனும் காற்றும் சேர்ந்த மின்திட்டம் 2021இல் சீன நிறுவனத்துக்குப் போய், இந்தியா மறுப்புச் சொன்னதால் இடையில் நின்றது. பிறகு இந்திய நன்கொடையில் 2024 மார்ச்சில்தான் மறுபடி ஒப்பந்தம் ஆனது. இரண்டு கிணற்றுக்கு எந்த நாட்டின் தயவும் வேண்டாம்.

இன்னொன்று, சொன்னால் கோபிப்பீர்கள். ஊர்க் கோயில் தேருக்கு ரொறன்ரோவிலிருந்து போய் வர, பிளேன் என் பங்குக்கு எழுநூறு எண்ணூறு லீற்றர் எரிக்கிறது. அதுவும் மண்ணெண்ணெய் வகைதான். தம்பியின் தோட்டத்துக்கு அது இரண்டு வருச இறைப்பு. போகாமல் இருக்க என்னாலும் ஏலாது, அம்மா அங்கே இருக்கிறா. ஆனால் ஊர்ச் சனத்துக்குப் புத்தி சொல்லுகிற தகுதி எனக்கு இல்லை என்பது விளங்குகிறது.

என் பங்கு 500 டொலர். பொருளாளர் அண்ணை, வளைவுக்கு என்று நான் முன்னம் எழுதின 200ஐயும் இதற்கே மாற்றிவிடுங்கோ. எதிர்ப்பு இருக்கிறவர்கள் எல்லாருக்கும் பதில் போடுங்கோ, தனியாக எனக்கு மட்டும் எழுதாதேயுங்கோ.

உங்கள்,
வடக்கு ஒழுங்கைப் பெடியன் (இப்ப வயது ஐம்பத்தாறு)