புதுப்பிப்பு: வெளியார் வீடியோ பிளேயரும் கீலாகர் சந்தேகமும்

வெளியார் தரும் வீடியோ பிளேயரை ஸ்கிரிப்ட்டாக (உலாவியில் ஓடும் நிரல் துண்டாக) என் தளத்தில் பதித்தால் கீலாகர் (தட்டும் எழுத்துகளை ரகசியமாகப் பதிவுசெய்யும் நிரல்) ஆபத்து உண்டா என்று முன்பு கேட்டிருந்தேன். உண்டு. அந்த ஸ்கிரிப்ட் நம் பக்கத்தின் முழு உரிமையோடு ஓடுகிறது. கடவுச்சொல் பெட்டியில் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் அதனால் படிக்க முடியும். 2018-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தளத்தில் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பை மாற்றித்தான் கார்டு விவரங்களைத் திருடினார்கள்.

அதனால் பிளேயரை ஐஃப்ரேமுக்குள் (பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைக் காட்டும் தனிச் சட்டகம்) தள்ளிவிட்டேன். வேறு டொமைனிலிருந்து வருவதால், வெளியே நம் பக்கத்தில் தட்டுவது அதற்குத் தெரியாது. ஐஃப்ரேமுக்குள் இருப்பது என்னென்ன செய்யலாம் என்று கட்டுப்படுத்தும் சாண்ட்பாக்ஸும் போட்டாச்சு. ஸ்கிரிப்ட் அனுமதி இல்லாமல் வீடியோ ஓடவில்லை, சரி, அதை மட்டும் திறந்தேன். லாகின் பக்கத்தில் வெளி ஸ்கிரிப்ட் எதுவும் கிடையாது. அப்புறம், பார்ப்பவரின் கணினியிலேயே கீலாகர் உட்கார்ந்திருந்தால் இதில் எதுவும் உதவாது. அது வேறு பிரச்சினை.