எரிமலைக் குழம்புக்கு நடுவே ஒரு பல்

குழு: தாத்தா வீடு

குமார் மாமா: கயல், ஐதராபாத் பக்கம் டைனோசர் காலத்துப் பாலூட்டியின் பல் கிடைத்ததாகப் படித்தேன். வெறும் பல்லை வைத்து எப்படிம்மா பாலூட்டி என்கிறார்கள்?

கயல்: டெக்கானோலெஸ்டிஸ்தானே மாமா? விகாராபாத் பக்கம் நஸ்கல் என்ற ஊரில் கிடைத்தது. புதைபடிவ ஆய்வாளர்கள் பிரசாத், சாஹ்னி இருவரும் 1988இல் அறிவித்தார்கள். கிரெட்டேசியஸ், அதாவது டைனோசர்களின் கடைசிக் காலத்தைச் சேர்ந்த, இந்தியாவில் கிடைத்த முதல் பாலூட்டி.

பெரியம்மா: பல் எவ்வளவு பெரிசு?

கயல்: கடுகு அளவுதான் பெரியம்மா. மண்ணை ஊறவைத்து, நுண்ணிய சல்லடையில் அலசி, மிஞ்சியதைக் காயவைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பொறுக்க வேண்டும். கண்ணும் கழுத்தும் போய்விடும். அந்தப் பொறுமைக்கே கும்பிடு போடலாம்.

குமார் மாமா: சரி, என் கேள்வி?

கயல்: முதலைக்கு முன்னாலிருந்து பின்னால் வரை ஏறக்குறைய ஒரே மாதிரி கூம்புப் பல், மாமா. இதன் கடைவாய்ப்பல் அப்படியில்லை. மேல்பல்லில் மூன்று முக்கிய முனைகள். உள்பக்க முனை, வாயை மூடும்போது கீழ்ப்பல்லின் குழிக்குள் சரியாக இறங்கி இரையை நசுக்கும். இப்படி மேலும் கீழும் பொருந்துவது பாலூட்டிகளின் அடையாளம். முனைகள் கூராக இருப்பதால் பூச்சி தின்றது என்கிறார்கள்.

செல்வம்: எலும்பே கிடைக்கலையா அக்கா?

கயல்: கணுக்கால் எலும்புகள் சில அப்புறம் கிடைத்தன. மரம் ஏறத் தோதான அமைப்பு. முழு எலும்புக்கூடு இல்லைடா. உடம்பிலேயே கடினமானது பல்லின் மேலுறையான எனாமல், அதனால் பல்தான் தப்பிக்கிறது.

குமார் மாமா: தக்காணமே எரிமலைக் குழம்பில் மூழ்கிய காலமாச்சே, எப்படிப் பிழைத்தது?

கயல்: குழம்பு ஓயாமல் ஓடவில்லை மாமா. நடுநடுவே நீண்ட ஓய்வு. அப்போது ஏரி, குளம், தவளை, மீன் எல்லாம் வந்தன. அந்தச் சேறுதான் இன்று இரண்டு பாறை அடுக்குகளுக்கு நடுவே இருக்கிறது. வயது சுமார் 6.6 கோடி ஆண்டு.

இன்னொரு அதிசயமும் உண்டு. இந்தியா அப்போது தனித் தீவு. மடகாஸ்கரை விட்டு எப்போதோ பிரிந்தாயிற்று, ஆசியாவை இன்னும் முட்டவில்லை. இதன் இனத்தாரோ அப்போது பெரும்பாலும் வட கண்டங்களில்.

பெரியம்மா: அப்போ கடல் தாண்டி வந்ததா?

கயல்: அதில்தான் சண்டையே பெரியம்மா. வடக்கிலிருந்து வந்தது என்பார்கள் சிலர். இங்கிருந்துதான் வெளியே போயிற்று என்பார்கள் வேறு சிலர். ஆப்பிரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதன் நெருங்கிய உறவுகள் என்று கருதப்படும் பற்கள் இருக்கின்றன. எனக்கு இரண்டாவது கட்சிதான் சரியாகப் படுகிறது, ஏனென்றால் அவை எல்லாவற்றையும்விட நஸ்கல் பல்தான் மூத்தது.