தேடுவரைவு: கட்டடக் கலைஞரின் முதல் கோடுகளுக்கு ஒரு சொல்

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

‘ஸ்கெட்ச்’ என்பதற்குக் ‘கைவரைபடம்’ போதும் என்று குழுவில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். கட்டடக்கலைக்கு அது போதாது என்று நினைக்கிறேன்; கையால் வரைந்ததெல்லாம் ஸ்கெட்ச் ஆகிவிடாது. கணினியில் படம் வரையும் ஆட்டோகேட் மென்பொருள் 1982இல் வந்து பரவும் வரை, கட்டட அலுவலகங்களில் ஏறக்குறைய எல்லாமே கைப்படம்தான். டி-ஸ்கொயர் என்ற T வடிவ அளவுகோலை வைத்து டிரேசிங் தாளில் மையால் போட்ட படத்தில் ஜன்னல் அளவு வரை முடிவாகியிருக்கும். மத்தியப் பிரதேசத்துப் போஜ்பூரில், 11ஆம் நூற்றாண்டில் தொடங்கி முடிக்காமல் விட்ட சிவன் கோயிலைச் சுற்றிப் பாறைகளில் தூண் முதலிய உறுப்புகளின் படங்களைக் கீறி வைத்திருக்கிறார்கள். கையால் கீறியவைதான், ஆனாலும் கல்தச்சர் பார்த்துச் செதுக்குவதற்கானவை.

நாம் பெயர் தேடுவது வேறொன்றுக்கு. இங்கே கிருஷ்ணகிரிப் பக்கம் பல மனைகளில் பாறை கிடக்கும். உடைப்பதா, வீட்டைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுப் பாறையைத் திண்ணையாக்கிக்கொள்வதா? கட்டடக் கலைஞர் பென்சிலை எடுத்துக் கோட்டின்மேல் கோடாகப் போட்டுப் பார்க்கிறார். வரைய வரையத்தான் விடை பிடிபடுகிறது. அந்தத் தாளை மேஸ்திரியிடம் கொடுத்தால் “அளவு எங்க சார்?” என்பார். அவர் கேட்பது சரி, அது அவருக்கான படமே இல்லை.

சிட்னி ஆப்பரா அரங்கப் போட்டியில் டென்மார்க் கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சோன் 1957இல் வென்ற படங்களும் ஏறக்குறைய இந்த வகைதான். கூரையின் வடிவக் கணக்கு அவற்றில் கிடையாது. கூரை வளைவுகள் எல்லாவற்றையும் ஒரே கோளத்திலிருந்து எடுக்கலாம் என்ற தீர்வு 1961இல்தான் வந்தது. அவற்றை ‘வரைபடம்’ என்றால், அப்போது இல்லாத முடிவை ஏற்றிச் சொன்னதாகிவிடும்.

அதனால்தான் ‘தேடுவரைவு’ என்கிறேன். ஊறுகாய் போல வினைத்தொகை. இன்னொரு நண்பர் தந்த ‘கருவரைவு’ அழகான சொல், ஆனால் கோயில் கட்டடக்கலை பேசும் இடத்தில் காதுக்குக் கருவறையோடு குழம்பும். சங்க இலக்கியத்தில் வரைவு என்றால் திருமணம் ஆயிற்றே என்று கேட்கலாம். வரைவு அறிக்கை, வரைவுப் பட்டியல் என்று எழுதிப் பழகிய நமக்கு அந்தக் குழப்பம் வராது. ‘இன்னும் முடியவில்லை’ என்ற பொருளும் கூடவே வருகிறது. டேப்லெட்டில் கிறுக்கிப் பார்ப்பதும் தேடுவரைவுதான்.

கட்டுவதற்குக் கொடுக்கும் படத்தைப் ‘பணிப்படம்’ எனலாம். அப்புறம், ராயக்கோட்டை போன்ற பழைய கோட்டைகளை மாணவர்கள் அளந்து வரைகிறார்களே, அந்தப் படத்துக்கு ‘அளவைப்படம்’ சரிவருமா? கல்லூரியில் கற்பிப்பவர்கள் சொல்லுங்கள்.