12 தந்திக் கிற்றார் தேடுகிறோம்

இசை நண்பர்களுக்கு வணக்கம். யாழ்ப்பாணத்தில் நாங்கள் ஐவர், வார இறுதிகளில் திருநெல்வேலியிலுள்ள ஒரு வீட்டு விறாந்தையில் கூடி, பழைய ஆங்கில றொக், பொப் பாடல்களை மேடைக்காகப் பழகி வருகிறோம். (மூன்றாவது பாட்டுக்குள் சபையோர் துள்ளல் ஆட்டப் பாட்டான பைலாவைக் கேட்டுவிடுவார்கள் என்பது வேறு கதை.)

இம்முறை, ஈகிள்ஸ் குழுவினர் 1976இல் வெளியிட்ட ‘ஹோட்டல் கலிபோர்னியா’வை எடுத்திருக்கிறோம். அதன் தொடக்கம் 12 தந்திக் கிற்றாரில், ஏழாவது பிரெட்டில் (கிற்றார் கழுத்திலுள்ள குறுக்குக் கட்டை) கப்போ (எல்லாத் தந்திகளையும் அழுத்திப் பிடித்துச் சுருதியை உயர்த்தும் கவ்வி) பூட்டி வாசிக்கப்படுவது. தடித்த நான்கு தந்திகள் ஒவ்வொன்றோடும் ஒரு ஸ்தாயி உயர்ந்த மெல்லிய தந்தி சேர்ந்து ஒலிப்பதால் எழும் அந்த மினுக்கம், எங்களிடமுள்ள ஆறு தந்திக் கிற்றார்களில் எவ்வளவு முயன்றும் வரவில்லை. ஒரு கிற்றாரைப் பல கிற்றார்கள் போல ஒலிக்கச் செய்யும் கோரஸ் பெடல் வைத்தும் பார்த்தோம். எனக்கு அது தண்ணீருக்குள் வாசிப்பது போலவே கேட்கிறது.

எனவே, உங்களில் எவரிடமாவது அத்தகைய கிற்றார் இருந்தால், இரண்டு வாரங்களுக்கு இரவலாகவோ வாடகைக்கோ தந்துதவ முடியுமா? புதிய தந்திகளை நாங்களே மாற்றித் தருவோம்.

இன்னொரு சந்தேகமும் உண்டு. எங்கள் பாடகருக்குப் பாட்டின் மூலச் சுருதியான பி மைனர் எட்டாததால் ஏ மைனருக்கு இறக்க நினைக்கிறோம். கப்போவை ஐந்தாவது பிரெட்டுக்கு நகர்த்தினால் தொடக்கம் சரியாகிவிடும். ஆனால் முடிவில் இரண்டு கிற்றார்கள் இணைந்து வாசிக்கும் பகுதியை அப்படி இறக்கி வாசித்த அனுபவமுள்ளவர்கள் இருந்தால், தயவுசெய்து வழிகாட்டுங்கள்.