குச்சிக்கிழங்குல மாவுப்பூச்சி: குளவி விட்டா நிஜமாவே அடங்குமா?

கெங்கவல்லி காடு:

வணக்கம்ங்க. கெங்கவல்லி பக்கம் 3 ஏக்கர் குச்சிக்கிழங்கு, அதான் மரவள்ளி, வெச்சிருக்கேன், முள்ளுவாடி ரகம், மார்கழி முதல் வாரத்துல ஊனுனது, இப்ப நாலாவது மாசம் நடக்குது. போர் தண்ணி, சொட்டுநீர். தை முடியற வரைக்கும் செடி அவ்ளோ தெளிவா வந்துச்சு. மாசில வெயில் ஏறுனதும் நுனிக்கொழுந்து எல்லாம் சுருண்டு கொத்து கொத்தா நின்னுருச்சு, கணு நெருங்கிப் போய் தண்டு திருகிக்கிட்டு இருக்கு, இலைய திருப்பிப் பாத்தா பஞ்சு ஒட்டி வெச்ச மாதிரி வெள்ளையா மாவுப்பூச்சி. தொட்டா கையெல்லாம் பிசுபிசுங்குது.

மருந்துக்கடையில கேட்டு 3 வாட்டி அடிச்சாச்சு. மொத வாட்டி அடிச்சு 4 நாள்ல கொறஞ்ச மாதிரி தெரிஞ்சுச்சு, 10 நாள் கழிச்சு பாத்தா முன்ன இருந்தத விட ஜாஸ்தி. அடுத்த வாட்டி வேற மருந்து, அதுக்கடுத்த வாட்டி ரெண்டு மருந்த கலந்து அடிக்கச் சொன்னாங்க. ஆள் கூலியோட 11,000 ரூபா கிட்ட போயிருச்சு. இப்ப நாலாவதா ஒன்னு இருக்கு, அதுக்கு கண்டிப்பா கேக்கும்ங்கறாங்க. அப்பா என்னடான்னா எல்லாத்தையும் புடுங்கிப் போட்டுட்டு மக்காச்சோளம் போட்டுரலாம்ங்கறாரு.

ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்துல ஏதோ குளவி குடுக்கறாங்க, அது இந்தப் பூச்சிய அழிச்சிரும்னு பஸ்ல ஒருத்தர் சொன்னாரு. நிஜமாங்க இது? விட்டுப் பாத்தவங்க யாராவது இருக்கீங்களா? மருந்து அடிச்ச காட்டுல அது நிக்குமா? அடுத்த வருஷம் நடறதுக்கு இந்தக் காட்டு குச்சியையே வெச்சுக்கலாமா, இல்ல வெளிய வாங்கணுமா? ரெண்டு நாள்ல முடிவு பண்ணனும், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பெத்தநாயக்கன்பாளையம் தோட்டம்:

தம்பி, அந்த நாலாவது மருந்த வாங்காதீங்க. செடியையும் புடுங்காதீங்க. நாலு மாசத்து செடிக்கு இன்னும் காலம் இருக்கு, ஒரு நல்ல மழை விழுந்தாலே பாதி பூச்சி கழுவிக்கிட்டுப் போயிரும், புதுக் கொழுந்து அடிச்சு வரும்.

குளவி நிஜம்தான். 2022ல மொத மொதல்ல அத காட்டுல விட்டதே நம்ம ஏத்தாப்பூர்லதான். எனக்கு கிடைச்சது அதுக்கு அடுத்த வருஷம். குளவின்னதும் நம்ம வீட்டு ஓட்டுல கூடு கட்டுற குளவின்னு நெனச்சுக்காதீங்க, கொசுவ விட சின்னது, கொட்டாது, கண்ணாடி போட்டுக்கிட்டு பாத்தாதான் எனக்கே தெரிஞ்சுச்சு. சின்ன டப்பால குடுத்தாங்க, சாயங்காலம் வெயில் தாழ, பூச்சி அதிகமா இருக்கற செடிகிட்ட தெறந்து வெச்சுட்டு வந்தேன். மறுநாள் போய் பாத்தேன் ஒன்னும் இல்ல, ஒரு வாரம் கழிச்சு பாத்தேன் ஒன்னும் இல்ல, பக்கத்து காட்டுக்காரரு வேற தெனமும் வந்து மருந்து அடிய்யா மருந்து அடிய்யான்னு உசுர எடுக்கறாரு. வீட்ல அதவிட சண்டை. நான் பல்ல கடிச்சுக்கிட்டு இருந்தேன், ஏன்னா இத நான் ஒரு வாட்டி ஏற்கனவே பாத்தவன்.

2009, 2010ல மல்பெரி போட்டு பட்டுப்புழு வளத்துக்கிட்டு இருந்தேன். அப்ப பப்பாளி மாவுப்பூச்சின்னு ஒன்னு வந்துச்சு, 2008ல கோயமுத்தூர்ல மொத மொதல்ல கண்டுபுடிச்சாங்க, ரெண்டே வருஷத்துல நம்ம பக்கம் மல்பெரி, பப்பாளி, குச்சிக்கிழங்கு ஒன்ன விடல. மல்பெரில மருந்தும் அடிக்க முடியாது, அடிச்சா புழு செத்துரும். தோட்டத்த அழிச்சவங்க எத்தனையோ பேரு. 2010ல போர்ட்டோ ரிக்கோல இருந்து குளவி கொண்டு வந்து விட்டாங்க, அடுத்த வருஷம் அந்தப் பூச்சிய தேடிப் பாத்தாதான் உண்டு. அன்னிக்கு நான் ஒரு பைசா குடுக்கல, ஒரு டேங்க் மருந்து அடிக்கல. அத நெனச்சுதான் பொறுத்தேன்.

மூணாவது வாரம் இலைக்கு அடியில வெள்ளைப் பூச்சிக்கு நடுவுல பழுப்பு கலர்ல உப்பிப் போயி கெட்டியா சில பூச்சி இருந்துச்சு. அதுதான் அடையாளம். ரெண்டு மாசத்துல புதுக் கொழுந்து விரிஞ்சிருச்சு. அந்த வருஷம் மகசூல் முழுசா வந்துச்சுன்னு சொல்ல மாட்டேன், கொஞ்சம் கொறஞ்சுதான் போச்சு, ஆனா செடி நின்னுச்சு.

பூச்சியியல் படிக்கிறேன், சேலம்:

அய்யா சொன்னது அத்தனையும் சரி. மருந்து ஏன் கேக்கலன்னு மட்டும் நான் சொல்றேன் அண்ணா, அது தெரிஞ்சா மறுபடி கடைக்குப் போக மாட்டீங்க.

நீங்க சொல்ற கொத்து கொத்தா சுருண்ட நுனிய பாத்தா இது மரவள்ளி மாவுப்பூச்சி, பெனகோகஸ் மனிஹோட்டின்னு பேரு. மெழுகு மாதிரி மாவ தொடச்சுப் பாருங்க, உள்ள ரோஸ் கலர்ல இருந்தா இதேதான், மஞ்சளா இருந்தா அய்யா சொன்ன பப்பாளி மாவுப்பூச்சி. இதுல ஆணே கிடையாது, எல்லாமே பொண்ணு, ஒரே ஒரு பூச்சி தப்பிச்சாலும் அது தனியாவே 400 முட்டைக்கு மேல வெச்சிரும். மருந்து அந்த மெழுகத் தாண்டி சுருண்ட கொழுந்துக்குள்ள போய் எல்லாத்தையும் தொடறது நடக்காத காரியம். மிச்சம் இருக்கற பத்துப் பூச்சி 10 நாள்ல உங்க காட்ட மறுபடி நெரப்பிரும், ஆனா வெளிய சுத்துற குளவி, பொறிவண்டு எல்லாம் மொத அடியிலயே செத்துப் போயிருக்கும். நீங்க முன்ன விட ஜாஸ்தின்னு எழுதுனீங்களே, அதுக்குக் காரணம் இதுதான்.

இந்தப் பூச்சியோட சொந்த ஊரு தென் அமெரிக்கா, மரவள்ளியும் அங்க இருந்து வந்ததுதான். 1970கள்ல எப்படியோ ஆப்பிரிக்காவுக்குப் போயிருச்சு. அங்க கோடிக்கணக்கான சனங்களுக்கு மரவள்ளிதான் சோறு, நமக்கு ஜவ்வரிசி மாதிரி விக்கற பொருள் இல்ல, அது போச்சுன்னா பட்டினிதான். ஹான்ஸ் ஹெர்ரன்னு ஒரு சுவிஸ் விஞ்ஞானி, நைஜீரியால இருக்கற ஆராய்ச்சி நிலையத்துல வேலை பாத்தவரு, அவரு கேட்ட கேள்வி ரொம்ப எளிமையானது: இந்தப் பூச்சி சொந்த ஊர்ல ஏன் இப்படி பெருகல? அப்ப அத அடக்குற எதிரி ஒன்னு அங்க இருக்கணும்ல? தேடிக்கிட்டே போயி 1981ல பராகுவேல பூச்சியையும் கண்டுபுடிச்சாங்க, கூடவே இந்தக் குளவியையும். அனாகைரஸ் லோபெஸின்னு பேரு. அத வளத்து ஆப்பிரிக்கா முழுக்க விட்டாங்க, ஏரோபிளேன்ல இருந்து கூட விட்டாங்க. அதுக்குத்தான் 1995ல அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைச்சுச்சு. 2008ல தாய்லாந்துல இந்தப் பூச்சி வந்தப்பவும் இதே குளவிதான் காப்பாத்துச்சு.

நம்ம நாட்டுல 2020ல திருச்சூர்ல மொதல்ல பாத்தாங்க, கொஞ்ச நாள்ல சேலம், நாமக்கல் பக்கம் வந்துருச்சு. பெங்களூர்ல இருக்கற வேளாண் பூச்சி வளங்களுக்கான தேசிய நிலையம் ஆப்பிரிக்காவுல பெனின் நாட்டுல இருந்து குளவிய வரவழைச்சு, நம்ம ஊரு நல்ல பூச்சிங்களுக்கு எதுவும் ஆகாதுன்னு பூட்டின ரூமுக்குள்ள வெச்சு சோதிச்சுப் பாத்துட்டுதான் வெளிய விட்டாங்க. அது செய்யற வேலை என்னன்னா, மாவுப்பூச்சி உடம்புக்குள்ள முட்டை வெச்சிரும், புழு உள்ளயே தின்னு வளரும், பூச்சி பழுப்பா உப்பி கூடு மாதிரி ஆயிரும், ரெண்டு மூணு வாரத்துல அதுல வட்டமா ஓட்டை போட்டுக்கிட்டு புதுக் குளவி வெளிய வரும்.

தலைவாசல் விவசாயி:

எல்லாரும் நல்லதா சொல்றீங்க, நான் நடந்தத சொல்றேன். எங்க மச்சான் காட்டுல விட்டாங்க, ஒன்னும் நடக்கல. ரெண்டு மாசம் காத்திருந்ததுதான் மிச்சம், பாதிச் செடி குட்டையாவே நின்னுருச்சு. கடன் வாங்கி வெள்ளாமை வைக்கறவன் எத்தனை நாள் காத்திருப்பான்? குளவிய நம்பி அவரையும் ஏமாத்திடாதீங்க.

பூச்சியியல் படிக்கிறேன், சேலம்:

அண்ணா, உங்க மச்சான் காட்ட சுத்தி என்ன பயிரு?

தலைவாசல் விவசாயி:

மூணு பக்கமும் மக்காச்சோளம். படைப்புழுவுக்கு வாரம் ஒருத்தர் மருந்து அடிச்சாங்க. ஓ, அதுதானா. அது யோசிக்கல. காத்து அந்தப் பக்கமிருந்துதான் அடிக்கும்.

பெத்தநாயக்கன்பாளையம் தோட்டம்:

தம்பி சொல்றதுலயும் ஞாயம் இருக்கு. ஒருத்தர் மட்டும் நிறுத்துனா பத்தாது. எங்க ஊர்ல நாங்க 6 பேரு வரிசையா இருக்கற காட்டுக்காரங்க பேசி வெச்சு நிறுத்துனோம், அதனால நின்னுச்சு. தலைவாசல் பக்கம் மக்காச்சோளம் அவ்ளோ இருக்கறப்ப அது கஷ்டந்தான், குறைஞ்சது அடிக்கற நாளையாவது ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டா நல்லது.

சேகோ குடும்பம், ஆத்தூர் ரோடு:

நான் விவசாயி இல்ல, எங்க தாத்தா காலத்துல இருந்து ஜவ்வரிசி செய்யற சேகோ பேக்டரி. வாங்குற பக்கத்துல இருந்து ஒரு விஷயம் சொல்லணும்.

குச்சிக்கிழங்குக்கு எடைய வெச்சு மட்டும் வெலை போடறதில்ல, பாயிண்ட்டு, அதாவது கிழங்குல மாவு எவ்ளோ இருக்குன்னு பாத்துதான் போடறோம், அது உங்களுக்கே தெரியும். கிழங்க தண்ணிக்குள்ள வெச்சு எடை போடறது எதுக்குன்னா, மாவு ஜாஸ்தி இருந்தா கிழங்கு அடர்த்தியா இருக்கும், தண்ணிக்குள்ளயும் எடை நிக்கும். கொழுந்து சுருண்டு இலை இல்லாத செடி மாவு எங்க இருந்து சேக்கும்? அதனால பூச்சி அடிச்ச காட்டுல டன்னு மட்டும் கொறையறதில்ல, பாயிண்ட்டும் கொறையுது, ரெண்டு பக்கமும் அடி. இதுக்காகச் சொல்றேன் தம்பி, பயந்துக்கிட்டு முன்னாடியே வெட்டிராதீங்க. செடி தேறி மறுபடி இலை விட்டு ரெண்டு மாசம் நின்னா பாயிண்ட்டு ஏறும். போன வருஷம் எட்டாவது மாசத்துலயே பயந்து வெட்டிக் கொண்டு வந்தவரு ஒருத்தரு யார்டுல நின்னு அழுதாரு, எங்களுக்கும் மனசு கேக்கல, ஆனா அந்தக் கிழங்குல மாவே இல்ல.

அடுத்தது குச்சி. இந்தக் காட்டு குச்சிய வெக்காதீங்க. மாவுப்பூச்சி ஊரு விட்டு ஊரு வந்ததே குச்சிக் கட்டுலதான். கூடவே தேமல் நோயும் வரும், இலை மஞ்சளும் பச்சையுமா கோணிக்கிட்டு இருக்குமே அது. வெள்ளை ஈயும் பரப்பும், ஆனா நோய் இருக்கற செடியில வெட்டுன குச்சி ஒவ்வொன்னும் நோயோடதான் மொளைக்கும், அதுக்கு மருந்தே இல்ல. நம்ம பக்கம் எச் 226, முள்ளுவாடி ரெண்டு ரகமுமே இதுல மாட்டிக்குது. திருவனந்தபுரத்துல இருக்கற மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் தேமல் தாங்குற ஸ்ரீ ரக்ஷான்னு ஒரு ரகம் விட்டிருக்காங்க, ஏத்தாப்பூர் ரகங்களும் இருக்கு. சுத்தமான குச்சி கொஞ்சமா கிடைச்சாலும் பரவாயில்ல, ரெண்டு கணு வெச்சு சின்னச் சின்னதா வெட்டி, குழித்தட்டுல வலைக்குள்ள மொளைக்க வெச்சு நடலாம், வழக்கமா ஒரு செடிக்கு 10 செடி வரும்னா அதுல 60 வரைக்கும் வரும்னு அந்த நிலையத்துல சொல்லிக் குடுக்கறாங்க.

ஆராய்ச்சின்னா பேப்பர்லதான்னு நெனைக்கறவங்களுக்கு எங்க பேக்டரியவே காட்டுவேன். முன்ன கழிவுத்தண்ணி குட்டையில தேங்கி நாத்தம் ஊரையே தூக்கும், அந்தப் பக்கம் பொண்ணு குடுக்கவே யோசிப்பாங்க. இப்ப காத்துப் புகாம மூடுன தொட்டியில விடறோம், உள்ள இருக்கற நுண்ணுயிரு அதத் தின்னு கேஸ் தருது, அந்தக் கேஸ்ல ஜெனரேட்டர் ஓடுது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சப்ப எங்களுக்கு அவ்ளோ சந்தோஷம், ஆனா கிழங்கு இல்லாம ஜவ்வரிசி ஏது, அதனாலதான் இங்க வந்து இவ்ளோ எழுதறேன்.

கெங்கவல்லி காடு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. நேத்து ஏத்தாப்பூர் போயிட்டு வந்தேன். நுனியும் ரெண்டு இலையும் ஒரு கவர்ல கட்டி எடுத்துட்டுப் போனேன், பாத்துட்டு மரவள்ளி மாவுப்பூச்சிதான்னு சொன்னாங்க. பேர எழுதிக்கிட்டாங்க, குளவி தயாரானதும் கூப்புடுவாங்களாம், அதுவரைக்கும் ஒரு சொட்டு மருந்து விழக்கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டாங்க. ரொம்ப மோசமா சுருண்ட நுனிய மட்டும் கிள்ளி அப்புறப்படுத்தச் சொன்னாங்க.

ஆனா அதவிட முக்கியமான ஒன்னு. வூட்டுக்குப் பின்னாடி, கெணத்து மேட்டுல, சாப்பாட்டுக்குன்னு அம்மா ஒரு 10 செடி வெச்சிருக்காங்க. சாப்பிடற கிழங்குன்னு அதுல மட்டும் மருந்து அடிக்க விடல. அய்யா சொன்ன அடையாளம் மனசுல இருந்துச்சு, இன்னிக்கு காலையில போயி இலைய திருப்பிப் பாத்தேன். மாவுப்பூச்சி இருக்கு, ஆனா கொஞ்சந்தான், நுனி சுருளல. நடுவுல பழுப்பா உப்பிப்போன கூடு, 20க்கு மேல எண்ணுனேன், பாதிக்கு மேல வட்டமா ஓட்டை. குளவி ஏற்கனவே எங்க ஊருக்கு வந்திருக்குங்க. கெணத்து மேட்டுக்கும் காட்டுக்கும் 200 அடி தூரம் கூட இல்ல, நான்தான் 3 வாட்டி மருந்தடிச்சு உள்ள வர விடாம பண்ணியிருக்கேன்.

அப்பாவ கூட்டிட்டுப் போயி காட்டுனேன். ரொம்ப நேரம் அந்த இலையவே பாத்துக்கிட்டு இருந்தாரு, அப்புறம் மக்காச்சோளம் பேச்ச எடுக்கல. ஓட்டை விழாத கூடு இருக்கற இலையா பாத்து பறிச்சு காட்டுக்குள்ள நாலஞ்சு எடத்துல கட்டி விடலாமா? பூச்சியியல் படிக்கற பாப்பா சொல்லும்மா.

பூச்சியியல் படிக்கிறேன், சேலம்:

தாராளமா கட்டலாம் அண்ணா, உங்க காட்டுல பூச்சி ஏற்கனவே இருக்கறதால புதுசா கொண்டு போற பயம் இல்ல. பூச்சியே இல்லாத வேற காட்டுக்கு மட்டும் எடுத்துட்டுப் போயிராதீங்க. வெயில் நேரடியா படாம, செடிக்கு நடுவுல நெழல்ல கட்டுங்க, சாயங்காலமா பண்ணுங்க. அம்மா செடியில எல்லாத்தையும் பறிக்காம பாதிய அப்படியே விட்டுருங்க. கடைசியா மருந்து அடிச்சு எத்தனை நாள் ஆச்சு?

கெங்கவல்லி காடு:

19 நாள்.

பூச்சியியல் படிக்கிறேன், சேலம்:

இன்னும் ஒரு வாரம் பொறுத்து கட்டுங்க, இலையில ஒட்டியிருக்கற மருந்து இன்னும் கொறையட்டும். கட்டுன செடிக்கு ஒரு கயிறு அடையாளம் போட்டு வெச்சுட்டு மூணாவது வாரம் இலைய திருப்பிப் பாத்து இங்க எழுதுங்க அண்ணா.