மலை மிதிவண்டிக்கு எந்தச் சட்டகம்: எஃகா, அலுமினியமா, டைட்டானியமா, கார்பனா?

கல்மேடு (கேள்வி):

வணக்கம். புதிய மலை மிதிவண்டி ஒன்றைச் சட்டகத்திலிருந்து தொடங்கிப் பாகம் பாகமாகத் தேர்ந்து கட்டிக்கொள்ள எண்ணியிருக்கிறேன். முன்புறம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்ட்டெயில் வகைதான் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. சட்டகம் எதனால் ஆனதாக இருக்க வேண்டும் என்பதில்தான் முடிவுக்கு வர இயலவில்லை.

படித்த இடங்களில் எல்லாம் ஒரே வாய்பாடுதான் கிடைக்கிறது: எஃகு மென்மையாக ஓடும், அலுமினியம் உடம்பை உலுக்கும், டைட்டானியம் ஆயுள் முழுதும் உழைக்கும், கார்பன் லேசானது ஆனால் ஒருநாள் சொல்லாமல் முறியும். இவற்றில் எவ்வளவு உண்மை, எவ்வளவு வழிவழியாக வந்த பேச்சு என்று பிரித்தறிய விரும்புகிறேன்.

முதுகுப்பையோடு சேர்த்து என் எடை 85 கிலோ. கல்லும் வேரும் நிறைந்த ஒற்றையடிப் பாதைகளிலும் நீண்ட ஏற்றங்களிலும் ஓட்டுவேன். உயரத்திலிருந்து குதிப்பது அரிது. மழையிலும் சேற்றிலும் வண்டி நனையும். பராமரிப்பு வேலைகளை நானே செய்வேன். பத்தாண்டுகளாவது இந்தச் சட்டகத்தை வைத்திருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

குழாயளவு:

நீங்கள் சொன்ன வாய்பாட்டின் முதல் இரண்டு வரிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் மிகுதியான குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

பொருளின் விறைப்பைக் குறிக்கும் யங் குணகம் எஃகுக்கு ஏறத்தாழ 200 கிகாபாஸ்கல், டைட்டானியக் கலவைகளுக்கு 105 அளவில், அலுமினியத்துக்கு 70. அடர்த்தியோ, ஒரு கன சென்டிமீட்டருக்கு எஃகு 7.85 கிராம், டைட்டானியம் 4.5, அலுமினியம் 2.7. விறைப்பை அடர்த்தியால் வகுத்துப் பாருங்கள்; மூன்று உலோகங்களும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நிற்கும். ஆகவே உலோகத்தின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு சட்டகம் விறைப்பாக இருக்குமா, நெகிழுமா என்று யாராலும் சொல்ல முடியாது.

வேறுபாடு குழாயின் வடிவத்தில் பிறக்கிறது. மெல்லிய சுவருள்ள ஒரு குழாயின் விறைப்பு, சுவரின் தடிமனுக்கு நேர் விகிதத்திலும் விட்டத்தின் மும்மடிக்கு நேர் விகிதத்திலும் கூடும். ஒரு எஃகுக் குழாய்க்குப் பதிலாக அதைப்போல ஒன்றரை மடங்கு விட்டமுள்ள அலுமினியக் குழாயை வைத்து, எடையையும் மாற்றாமல் விட்டால், அதன் சுவர் ஏறக்குறைய இரு மடங்கு தடிமனாகும், விறைப்பு இரு மடங்குக்குச் சற்று மேலே போகும். அதற்கு மாறாக விறைப்பைச் சமமாக வைத்துக்கொண்டால், எடை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். வடிவமைப்பாளர் இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவே எங்கு நிற்கிறார் என்பதுதான் அந்த வண்டியின் குணம்.

அலுமினியம் உலுக்கும் என்ற பெயர் வந்ததற்கும் காரணம் உண்டு. மீண்டும் மீண்டும் வரும் சுமையைப் பொறுத்தவரை, எஃகுக்கும் டைட்டானியத்துக்கும் ஓர் அழுத்த எல்லை இருக்கிறது. அதற்குக் கீழே எத்தனை முறை வளைத்தாலும் சோர்வு விரிசல் நடைமுறையில் தோன்றுவதில்லை. அலுமினியத்துக்கு அத்தகைய தெளிவான எல்லை கிடையாது, சிறிய அழுத்தமும் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். அதனால் அலுமினியச் சட்டகத்தை அதிகம் வளையவே விடாமல், அகன்ற குழாய்களால் விறைப்பாகக் கட்ட வேண்டியிருக்கிறது. 1980-களில் கேனன்டேல் போன்ற நிறுவனங்கள் அகன்ற அலுமினியக் குழாய்ச் சட்டகங்களைப் பரவலாக்கியபோது, மலை வண்டிகளுக்கு முன்புற சஸ்பென்ஷன் வந்திருக்கவில்லை. ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தின் முதல் ஃபோர்க்கே (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) 1989-இல்தான் வெளியானது. விறைத்த ஃபோர்க்கும் இன்றைய அளவுக்கு அகலமில்லாத டயர்களும் இருந்த அந்தக் காலத்தில் கைகள் உணர்ந்ததை இன்றைய வண்டிக்கு அப்படியே பொருத்துவது நியாயமில்லை.

இன்று 2.4 அங்குல டயர் ஒரு கல்லின்மேல் ஏறும்போது பத்து மில்லிமீட்டருக்கும் மேல் அமுங்குகிறது. சட்டகத்தின் பின்பகுதி முக்கோணமாக அமைந்திருப்பதால் மேல் கீழாக மிகமிகச் சிறிதளவே அசையும். எனவே சொகுசு வேண்டுமானால் முதலில் டயரின் அகலத்தையும் காற்றழுத்தத்தையும் பாருங்கள், அடுத்து இருக்கையைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட்டைப் பாருங்கள். சுவர்த் தடிமன் ஒன்றாக இருக்கையில், 27.2 மில்லிமீட்டர் போஸ்ட் 31.6 மில்லிமீட்டர் போஸ்ட்டைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாகவே விறைப்புக் குறைந்தது. சட்டகத்தின் உலோகத்தை மாற்றிப் பெற நினைக்கும் மென்மையைவிட இது கூடுதலாகவே இருக்கும். ஒன்றை மட்டும் மறுக்க மாட்டேன்: மெல்லிய குழாய்களால் ஆன நல்ல எஃகு ஹார்ட்டெயில், வளைவுகளில் பக்கவாட்டில் சிறிது முறுக்கிக்கொடுக்கும். அந்த உணர்வை விரும்புவோர் இருக்கிறார்கள், நானும் விரும்புகிறேன்.

பற்றவைப்பு:

மேலே உள்ள கணக்குடன் எனக்கு வேறுபாடில்லை. ஆனால் பத்தாண்டு வைத்திருப்பேன் என்று கேட்கிறவர், சட்டகம் எப்படி ஓடும் என்பதோடு எப்படிப் பழுதாகும் என்பதையும் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். சட்டகங்களைப் பற்றவைப்பது என் வேலை என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

மிதிவண்டிக்குப் பயன்படும் நல்ல எஃகு பெரும்பாலும் 4130 என்ற குரோமோலி. குரோமியமும் மாலிப்டினமும் சிறிதளவு கலந்த இந்த எஃகைப் பற்றவைத்த பிறகு சூளையில் இட வேண்டியதில்லை. செயின்ஸ்டேயில், அதாவது மிதியச்சிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் குழாயில், விரிசல் விட்டால், கைதேர்ந்த ஒருவர் அந்தக் குழாயையே வெட்டி எடுத்துப் புதியது வைத்துவிடலாம். பின் சக்கரம் பூட்டும் இடம் சற்று வளைந்தால் சூடாக்காமலேயே நிமிர்த்தலாம். எஃகு முறிவதற்கு முன் பெரும்பாலும் விரிசலாகவும் கிரீச்சொலியாகவும் வண்ணப்பூச்சின் அடியில் கோடாகவும் தன்னைக் காட்டிக்கொள்ளும். 1977-இல் ஜோ பிரீஸ் மலைப்பாதைக்கென்றே சட்டகங்களைக் கட்டியபோது குரோமோலியைத்தான் எடுத்தார், அந்தத் தேர்வின் நியாயம் இன்றும் மாறவில்லை.

எஃகின் பகை துரு. அதிலும் வெளியே தெரியும் துருவைவிட, சீட் போஸ்ட் வழியாக உள்ளே போன நீர், மிதியச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டைச் சுற்றித் தேங்கி, உள்ளிருந்து அரிப்பதுதான் ஆபத்து. மழையில் ஓட்டுவேன் என்று சொல்லியிருக்கிறீர்கள். ஆகவே வாங்கியவுடன், பாகங்களைப் பூட்டுவதற்கு முன்பே, குழாய்களுக்குள் துருத்தடுப்பு எண்ணெய் அல்லது மெழுகுத் தெளிப்பை ஊற்றி எல்லாப் பக்கமும் உருட்டி வையுங்கள். பாட்டம் பிராக்கெட்டின் அடியில் நீர் வடியும் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். சேற்றில் நனைந்த சவாரிக்குப் பிறகு சீட் போஸ்ட்டைக் கழற்றி வண்டியைத் தலைகீழாக வைத்து நீரை வடியவிடுவது நல்ல பழக்கம்.

அலுமினியத்தில் பழுதுபார்ப்பு வேறு கதை. 6061 வகையைப் பற்றவைத்தால் வெல்டிங் ஓரத்தில் உலோகம் தன் வலிமையில் பெரும்பகுதியை இழக்கிறது. தொழிற்சாலையில் முழுச் சட்டகத்தையும் ஏறத்தாழ 530 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கி, சட்டென்று குளிர்வித்து, நேராக்கி, பின்னர் குறைந்த சூட்டில் பல மணி நேரம் வைத்து டி6 என்னும் வலுவூட்டிய நிலைக்குக் கொண்டுவருகிறார்கள். 7005 வகைக்கு இந்த முதல் சூளை தேவைப்படாது, ஆனால் அதற்கும் பதப்படுத்தல் வேண்டும். விரிசல் விட்ட அலுமினியச் சட்டகத்தைச் சாதாரணப் பட்டறையில் ஒட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், ஒட்டும், ஆனால் அதை நம்பி மலையிறக்கத்தில் போகாதீர்கள்.

டைட்டானியம் துருப்பிடிக்காது, வண்ணமும் வேண்டாம், சோர்வையும் நன்றாகத் தாங்கும். அதன் தரம் முழுவதும் வெல்டிங்கில் இருக்கிறது. சூடான டைட்டானியம் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உறிஞ்சி நொறுங்கும் தன்மை பெற்றுவிடும் என்பதால், குழாயின் உள்ளேயும் வெளியேயும் ஆர்கான் வாயு சூழ்ந்திருக்க வேண்டும். இணைப்புகள் வெள்ளிபோல் பளிச்சென்று இருந்தால் நல்லது. நீலமும் சாம்பலும் படர்ந்திருந்தால் விலகிக்கொள்ளுங்கள். ஆயுள் முழுதும் உழைக்கும் என்ற சொல், கவனமாகச் செய்யப்பட்ட டைட்டானியத்துக்கு மட்டுமே பொருந்தும்.

இழையடுக்கு:

கார்பனைப் பற்றிய அச்சத்தைப் போக்க விரும்புகிறேன், ஏனெனில் அதில் பாதி பழைய சட்டகங்களைப் பற்றியது.

கார்பன் என்பது ஒரே பொருள் இல்லை. எபாக்சி என்னும் பிசினில் தோய்ந்த கார்பன் இழைத் தாள்களை வெவ்வேறு கோணங்களில் அடுக்கிச் செய்யப்படுவது. மரப்பலகை நார் ஓடும் திசையில் வலுவாகவும் குறுக்கே எளிதில் பிளப்பதாகவும் இருப்பதைப் போலத்தான் ஒவ்வொரு தாளும் இருக்கும். நீள்வாட்டில் சில அடுக்குகள் வளைவைத் தாங்க, 45 பாகையில் சில அடுக்குகள் முறுக்கைத் தாங்க என்று இடத்துக்கு இடம் மாற்றி அடுக்கலாம். உலோகத்தில் குழாயின் அளவை மட்டும்தான் மாற்ற முடியும். இங்கே பொருளின் குணத்தையே இடம் பார்த்து மாற்ற முடிகிறது. சோர்வைத் தாங்குவதிலும் நன்கு கட்டப்பட்ட கார்பன் அலுமினியத்தை விஞ்சும்.

அதன் பலவீனம் கூர்மையான மோதல். முன் சக்கரம் தெறித்த கல் கீழ்க்குழாயில் பட்டாலோ, வண்டி பாறைமேல் சாய்ந்து விழுந்தாலோ, மேலே சிறு கீறல் மட்டும் தெரிய, உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கக்கூடும். நாணயத்தால் மெல்லத் தட்டிப் பார்த்தால், நல்ல இடத்தில் கணீரென்றும் பிரிந்த இடத்தில் மந்தமாகவும் ஒலிக்கும். இது முதல் சோதனை மட்டுமே. ஐயம் இருந்தால் அல்ட்ராசவுண்ட் கருவி வைத்திருப்பவரிடம் காட்ட வேண்டும். பழுதான பகுதியைச் சரிவாகத் தேய்த்து எடுத்துப் புதிய அடுக்குகள் ஏற்றிச் சீராக்க முடியும் என்பதையும் பலர் அறிவதில்லை. கீழ்க்குழாயில் பாதுகாப்புத் தகடு, முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு மட்டும் திருகுகளை முறுக்குதல், வேலைத்தாங்கியில் குழாயைக் கவ்வாமல் சீட் போஸ்ட்டைக் கவ்வுதல்: இம்மூன்றையும் கடைப்பிடிப்பவரின் கார்பன் சட்டகம் சொல்லாமல் முறிவது மிக அரிது.

கல்மேடு:

மூவருக்கும் நன்றி. எடையைப் பற்றி எவரும் அதிகம் பேசவில்லை. நீண்ட ஏற்றங்களில் எஃகின் எடை என்னைப் பின்னுக்கு இழுக்காதா? மேலும், முன்பு ஒருவர் பயன்படுத்திய கார்பன் சட்டகம் ஒன்று என் அளவுக்குப் பொருத்தமாகக் கிடைக்கிறது; அதை எடுக்கலாமா?

குழாயளவு:

எடையைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். ஹார்ட்டெயில் சட்டகம் எஃகில் 2.2 முதல் 2.8 கிலோ வரையும், அலுமினியத்திலும் டைட்டானியத்திலும் 1.6 முதல் 2 கிலோ வரையும், கார்பனில் 1 முதல் 1.4 கிலோ வரையும் இருப்பது வழக்கம். நீங்களும் வண்டியும் சேர்ந்து 98 கிலோ என்று கொள்வோம். செங்குத்தான ஏற்றத்தில் உங்கள் உழைப்பு முழுவதும் ஏறக்குறைய ஈர்ப்பை எதிர்த்தே செலவாகிறது. ஒரு கிலோ குறைந்தால் நேரத்தில் ஒரு விழுக்காடு குறையும். ஒரு மணி நேர ஏற்றத்தில் 36 நொடி. போட்டியாளருக்கு அது பெரியது. உங்கள் பயன்பாட்டுக்கு அது முடிவைத் தீர்மானிக்கும் அளவு பெரியதன்று.

இரண்டு அளவுகளுக்கு இதைவிட அதிக இடம் கொடுங்கள்: ரீச், ஸ்டாக். மிதியச்சின் நடுவிலிருந்து ஹெட் டியூப்பின் (ஃபோர்க் நுழையும் முன்குழாய்) மேல்முனை கிடைமட்டமாக எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது ரீச், எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டாக். உங்கள் கைக்கும் முதுகுக்கும் பொருந்தாத சட்டகம் எந்தப் பொருளால் ஆனாலும் தவறான சட்டகமே. வண்டி எவ்வகைப் பயன்பாட்டுக்கு உரியது என்று வகைப்படுத்தும் ஏஎஸ்டிஎம் எஃப்2043 தரத்தின் வகை எண்ணையும் பாருங்கள். 3 என்றால் 61 சென்டிமீட்டருக்குள்ளான குதிப்புகளுக்கு, 4 என்றால் 122 சென்டிமீட்டர் வரை. தயாரிப்பாளர் கையேட்டில் எழுதியிருக்கும் எடை வரம்பு, பையையும் சேர்த்தா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இழையடுக்கு:

பிறர் பயன்படுத்திய கார்பன் சட்டகத்தை, பாகங்கள் எல்லாவற்றையும் கழற்றி வெளிச்சத்தில் பார்க்க விடாதவரிடமிருந்து வாங்க வேண்டாம். கீழ்க்குழாயின் அடிப்பகுதி, செயின்ஸ்டேயில் டயர் உரசும் உட்புறம், சீட் போஸ்ட் கவ்வும் இடம் ஆகிய மூன்றிலும்தான் பெரும்பாலான சேதம் ஒளிந்திருக்கும். புதிதாகப் பூசிய வண்ணம் அங்கே மட்டும் இருந்தால் காரணம் கேளுங்கள். பல நிறுவனங்களின் உத்தரவாதம் முதல் உரிமையாளருக்கு மட்டுமே என்பதையும் மறக்க வேண்டாம்.

பற்றவைப்பு:

உங்கள் எடை, பாதை, தானே பழுதுபார்க்கும் வழக்கம், பத்தாண்டு எண்ணம் ஆகியவற்றை வைத்துப் பார்த்தால் என் தேர்வு குரோமோலி. வாங்கும் சட்டகத்தில் பாட்டம் பிராக்கெட் திருகுவகையாக இருக்கட்டும். அழுத்திச் செருகும் வகையில் சிறிது அளவுப் பிசகு இருந்தாலும் நனைந்த பாதைகளில் ஒலி எழுப்பத் தொடங்கும். கேபிள்கள் வெளியே ஓடுமானால் உங்களுக்கு வேலை எளிது. பின்பக்கக் கியர் மாற்றியைத் தாங்கும் துண்டான டெரெய்லர் ஹேங்கர் கழற்றி மாற்றத்தக்கதா என்று பாருங்கள், மாற்று ஹேங்கர் ஒன்றைச் சட்டகத்தோடே வாங்கிவிடுங்கள். அலுமினிய சீட் போஸ்ட்டைக் கிரீஸ் தடவாமல் எஃகுக் குழாய்க்குள் விட்டுவிட்டால் நாளடைவில் இரண்டும் அரிப்பினால் இறுகிக்கொள்ளும். டைட்டானியத்துக்கும் இதே எச்சரிக்கை உண்டு.

துருவைக் கவனிக்கும் பொறுமை இல்லையென்றால் 6061 அலுமினியச் சட்டகத்தையே எடுங்கள். அது எஃகைவிடக் கீழானது என்று நான் சொல்லவில்லை. விரிசல் கண்டால் மாற்றிவிட வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு அது நன்றாக உழைக்கும். எந்த உலோகமானாலும், வண்டியைக் கழுவும்போது ஹெட் டியூப்புக்குக் கீழே கீழ்க்குழாய் சேரும் இடத்தையும், செயின்ஸ்டே பாட்டம் பிராக்கெட்டோடு சேரும் இடத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். வெல்டிங்கின் ஓரத்தில் மயிரிழைபோல் ஒரு கோடு தெரிந்தால், அது வண்ணத்தின் வெடிப்பா உலோகத்தின் விரிசலா என்று அந்த இடத்தைச் சுரண்டிப் பார்க்கும்வரை வண்டியில் ஏற வேண்டாம்.